வாடையில்லாத கேன்

தம்பிக்கு மூக்கன் என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. மூக்கு ஒன்றும் பெரிதில்லை. கொஞ்சம் சப்பை என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சப்பை மூக்குக்குத் தப்பி ஒரு வாடையும் போக முடியாது. மூன்றாவது வீட்டில் பால் அடிப்பிடித்தால் இவன் தன் கட்டிலில் கிடந்தபடியே "அடுப்பை அணைங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்று கத்துவான். பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டுக்காரர் சவரக்கடையா, அச்சாபீஸா, ஆஸ்பத்திரியா என்று சொல்லிவிட்டு அவரிடமே கேட்டுச் சரிபார்ப்பான். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

அக்காவுக்குப் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. சோயாச் செடியைத் தின்கிற புழுக்களுக்குப் புதிது புதிதாக வரும் மருந்துகளை அடித்துப் பார்த்து, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். இலையின் அடியில் கும்பலாகக் கிடந்து சுரண்டியே சல்லடையாக்கிவிடும் வெட்டுப்புழு ஒன்று. முதுகை வில்லாக வளைத்து வளைத்து நடக்கும் பச்சைக் காவடிப்புழு இன்னொன்று. இந்த இரண்டும்தான் அவள் சோற்றுக்கு வழி என்று தம்பி கேலி செய்வான். "உலகத்துல புழு ஒழியணும்னு எல்லாரும் கும்பிடுறாங்க. எங்க அக்கா மட்டும் ஒழியக் கூடாதுன்னு கும்பிடுது."

நிலையத்துக்குச் சொந்த நிலம் போதாது. ஆகவே சோதனை தம்பியின் சோயா வயலில் நடந்தது. தெளிப்பதும் அவன்தான். நிலத்துக்குக் குத்தகை, கைக்குக் கூலி. அக்காவுக்கும் தெரியாத ஆளிடம் வயலை விட்டுவிட்டுத் தவிக்க வேண்டியதில்லை.

சோதனை என்பது வெளியாளுக்குச் சுலபமாகத் தெரியும். வயலைக் கயிறு கட்டிச் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரிப்பார்கள். சில பாத்திகளுக்கு ஒரு மருந்து, சிலவற்றுக்கு வேறு மருந்து, சிலவற்றுக்கு வெறும் தண்ணீர். தண்ணீர்ப் பாத்தியில் புழு எத்தனை மிஞ்சுகிறது என்று தெரிந்தால்தான் மருந்து என்ன செய்தது என்று சொல்ல முடியும். இதில் ஒரே ஒரு கஷ்டம் மனிதனின் கை. தண்ணீர் என்று தெரிந்துவிட்டால் கை ஓடிவிடும். அரைகுறையாக நனைத்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விடும். அதனால் தெளிப்பவனுக்கு எந்தக் கேனில் என்ன என்று சொல்வதில்லை. அக்கா கிடங்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே எடை போட்டுக் கலப்பாள். வெளியே வரும்போது ஒவ்வொரு கேனிலும் ஒரு நிற டேப் மட்டும் இருக்கும். நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள்.

ஆரம்பத்தில் ஒரு பருவம் இப்படிச் செய்து மூக்குடைபட்டாள். தம்பி நாலு கேன் மூடியையும் திறந்து மோந்து பார்த்தான். பச்சையைக் காட்டிச் சிரித்தான்.

"இது குழாய்த் தண்ணி. குளோரின் கூட வருது. இதுக்கா கதவச் சாத்திக்கிட்டு அவ்வளவு நேரம் உள்ள இருந்த?"

"பேசாம அடிடா."

"தண்ணி தெளிக்க மாஸ்க், கையுறைன்னு எதுக்கு இவ்வளவு வேஷம்? அக்கா, கல்யாண மாப்பிள்ளைக்குக் கூட இவ்வளவு மாட்டி விட மாட்டாங்க."

பச்சைப் பாத்திகளை நடந்துகொண்டே நனைத்துவிட்டுப் போனான். நிலையத் தலைவர் அந்தப் பருவத்துக் கணக்கைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க தம்பியோட மூக்கு இருக்கிற வரைக்கும் இந்தச் சோதனை தேறாது. ஆளை மாத்துங்க" என்றார்.

அக்கா ஆளை மாற்றவில்லை. தண்ணீரை மாற்றினாள்.

அடுத்த பருவத்தில், மருந்துகளைக் கரைக்கப் பயன்படும் எண்ணெய் ஒன்றைத் தண்ணீர்க் கேனில் கொஞ்சம் சேர்த்தாள். அதில் விஷம் கிடையாது. புழுவை ஒன்றும் செய்யாது. நாற்றம் மட்டும் குடலைப் புரட்டும். அதே பருவத்தில் சோதனைக்குப் புதிதாக ஒரு தூள் வந்தது. அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, எண் மட்டும்தான். டப்பாவில் மண்டையோட்டுப் படம் போட்டிருந்தது. தோல் வழியாகவும் உள்ளே இறங்கும் என்று எச்சரிக்கை எழுதியிருந்தது. தண்ணீரில் போட்டால் நிறமில்லாமல், வாடையில்லாமல் கரைந்துபோனது. நாற்றத் தண்ணீருக்குச் சிவப்பு டேப். தூளுக்கு நீலம். கிடங்கு அறையில் டேப் ஒட்டும்போது அக்காவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. சின்ன வயதில் அவள் ஒளித்து வைத்ததையெல்லாம் கண்டுபிடித்துத் தின்ற தம்பி; ஒரு தரமாவது அவனை ஏமாற்றிவிட வேண்டும் என்ற பழைய ஆசை எங்கேயோ இருந்திருக்கும். அறுவடை முடிந்ததும் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

தெளிக்கிற நாளில் காற்றே இல்லை. மேகம் மூடி, வயல் மூடிபோட்ட பாத்திரம்போலப் புழுங்கியது. தம்பி சிவப்புக் கேனைத் திறந்தவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"அம்மாடி! இதை அடிச்சா புழு சாகறதுக்கு முன்னாடி நான் போய்ச் சேர்ந்துடுவேன் போல இருக்கே."

முகமூடியை இறுக்கிக் கட்டினான். கையுறை மாட்டினான். காதைச் சுற்றித் துண்டைக்கூடச் சுற்றிக்கொண்டான். சிவப்புப் பாத்திகளை அவன் முடித்து வந்தபோது சட்டை பிழிந்தால் வடிகிற அளவுக்கு வியர்த்திருந்தது. பிறகு நீலத்தைத் திறந்தான். மோந்தான். இன்னொரு தரம் மோந்தான். அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"என்கிட்டயேவா?"

அக்கா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். அவன் முகமூடியைக் கழற்றி வேலிக்கம்பில் மாட்டினான். கையுறையை உருவிப் போட்டான். துண்டை நீலக் கேனுக்குள் முக்கி எடுத்துத் தலையில் சுற்றிக் கட்டினான். கழுத்து வழியாக வடிந்தது. "அப்பாடா" என்றான்.

"மாஸ்க்கப் போடுடா."

"தண்ணிக்கா?"

"எந்தக் கேனா இருந்தாலும் போடணும்னு சொல்லியிருக்கேன்ல?"

"சொன்ன, சொன்ன. சொல்றது உன் வேலை." சிரித்துக்கொண்டே டேங்க்கை முதுகில் ஏற்றினான்.

நீலம் தண்ணீர் இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அது நாக்கின் நுனிவரை வந்தது. சொன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும், பருவம் பாழ், தலைவர் மறுபடி கண்ணாடியைக் கழற்றுவார். அப்படித்தான் அப்போது நினைத்தாள். ஆனால் அதற்கும் அடியில் இன்னொன்று இருந்ததை அவள் பின்னால்தான் தோண்டி எடுத்தாள். சேர்த்து வைத்த வேடிக்கை கெட்டுவிடும் என்பது அது. அந்த இத்தனூண்டு சந்தோஷத்துக்காக அவள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மோட்டார் அறைப் பக்கத்தில் தம்பி விழுந்து கிடந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

மருத்துவர் இளவயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். "வயல்ல மருந்து ஏதாவது அடிச்சாரா?" அக்கா அரசாங்க அதிகாரி, படித்தவள், எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். தம்பி மனைவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அடிச்சான் டாக்டர். முழுப் பாதுகாப்போடதான். நான் கூடவே இருந்தேன்."

"குடும்பத்துல யாருக்காவது இதயக் கோளாறு?"

"அப்பாவும் இப்படித்தான் போனார்."

அது உண்மை. அப்பா ஒருநாள் செருப்பைப் போட்டுக்கொண்டே சாய்ந்தவர்தான். மருத்துவர் இதயம் என்று எழுதினார். இதயமாகவே இருக்கலாம். இருக்கலாம் என்பதைத்தான் அக்கா அதற்குப் பிறகு சாப்பாடுபோலத் தின்று வாழ்ந்தாள். அவனைக் கொன்றது எது என்று அவளுக்குத் தெரியாது. இனித் தெரியவும் வராது. தெரியாமல் போகும்படி செய்தது மட்டும் தான்தான் என்பது தெரியும்.

காரியமெல்லாம் முடிவதற்குள் புழு எண்ணும் நாள் வந்தது. அதைத் தள்ளிப்போட முடியாது. தள்ளினால் செத்த புழு உதிர்ந்து மண்ணோடு போய்விடும். அக்கா தனியாகப் போனாள். இரண்டு வரிசைக்கு நடுவே வெள்ளைத் துணியை விரித்து, செடிகளை அதன் மேல் சாய்த்து உலுக்கினாள். சிவப்புப் பாத்தியில் கொழுத்த புழுக்கள் பொலபொலவென்று விழுந்து நாலு பக்கமும் ஊர்ந்தன. நீலப் பாத்தியில் விழுந்தவை சுருண்டு கறுத்திருந்தன. ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் உடம்பை முறுக்கியது. பிறகு அதுவும் இல்லை. அவள் துணியின் ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். எழுந்து, அடுத்த பாத்தியில் துணியை விரித்தாள்.

"பிரமாதமான முடிவு" என்றார் தலைவர். "இந்தத் துக்கத்துலயும் விடாம செஞ்சிருக்கீங்க."

எந்தச் சோதனையும் ஒரு பருவத்தோடு முடியாது. அடுத்த பருவமும் அதே வயலில், அதே முறையில் செய்தால்தான் இரண்டையும் சேர்த்துப் பேச முடியும். விதைத்த சோயா மூன்று இலை விட்டிருந்தபோது தம்பி மனைவி நிலையத்துக்கு வந்தாள். அவளைத் தம்பி "ஜட்ஜம்மா" என்று கூப்பிடுவான். கேள்வி கேட்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டாள், அதனால். அன்று கேள்வி ஒன்றும் கேட்கவில்லை.

"இந்த வருஷம் தெளிக்க ஆள் பாக்காதீங்க அண்ணி. நானே அடிக்கிறேன்."

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? டேங்க் கனம்."

"அரிசி மூட்டை இறக்கறேன், இது கனமா? நம்ம நெலத்துல வேற யாரோ வந்து நடக்கறது எனக்குப் பிடிக்கல. அவர் செஞ்ச வேலை. அவ்வளவுதான்."

வேண்டாம் என்று சொல்லக் காரணம் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லும் தைரியம் இல்லை. அக்கா சரி என்றாள். மாஸ்க்கைக் கழற்றவே விடக் கூடாது, பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டாள். கிடங்கு அறையில் சிவப்புக் கேனில் எண்ணெயை ஊற்றும்போது பாதி மேஜையில் சிந்தியது. ஊற்றாமல் விட்டால் என்ன என்று நினைத்தாள். போன பருவத்தோடு ஒத்துவராது. ஏன் விட்டீர்கள் என்று தலைவர் கேட்பார். மேஜையைத் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள்.

தெளிக்கும் நாளில் தம்பி மனைவி பச்சையையும் மஞ்சளையும் ஒழுங்காக அடித்தாள். நிதானமான நடை, சீரான கை. தம்பியைவிட நன்றாகச் செய்தாள். சிவப்பு வந்தபோது முகத்தைச் சுளித்தாள், முகமூடியின் நாடாவை இன்னும் இறுக்கினாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நீலக் கேனைத் திறந்ததும் அவள் குனிந்து மோந்தாள். நிமிர்ந்தபோது கண்களில் நீர் கோத்திருந்தது. ஆனால் சிரித்தாள்.

"மாஸ்க்கக் கழட்டாத" என்றாள் அக்கா.

"இருங்க அண்ணி, மூச்சு முட்டுது. இதுல ஒண்ணுமில்ல, எனக்குத் தெரியும். அவர் சொல்லியிருக்கார். வாடை இல்லாததுதான் தண்ணி." கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "அன்னிக்குச் சாயங்காலம் வந்ததும் வராததுமா இதைத்தான் சொன்னார். 'எங்க அக்காவ இந்த வருஷமும் ஜெயிச்சுட்டேன், நீலம்தான் தண்ணி, மூஞ்சிய உம்முன்னு வெச்சிக்கிட்டு நின்னுச்சு'ன்னு. அப்படி ஒரு சிரிப்பு."

சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். அதைக் கேனுக்குள் விடப் போனாள்.

அக்கா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் கேன் சாய்ந்து, கொஞ்சம் வரப்பின் அந்தப் பக்கம் கொட்டியது.

"அது தண்ணி இல்ல."

"என்ன அண்ணி?"

பொய் ஒன்று தயாராக இருந்தது. பல நாளாகவே தயாராக இருந்தது. "இந்த வருஷம் மாத்திட்டோம். நீலத்துல இப்ப மருந்து. சொல்லக் கூடாதுதான், ஆனா நீ கைய விடப் போனியே."

தம்பி மனைவி துண்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கேனைப் பார்த்தாள். பிறகு வரப்பில் உட்கார்ந்தாள்.

"பயந்தே போயிட்டேன். ஒரு நிமிஷம் போன வருஷத்த நெனச்சிட்டேன்."

அக்கா சாய்ந்த கேனை நிமிர்த்தி மூடியைப் போட்டாள்.

"அண்ணி, யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு சொல்லட்டுமா? அன்னிக்கு ராத்திரி அவருக்கு வயித்தப் பெரட்டுச்சு. வேர்த்துக் கொட்டுச்சு. வாயெல்லாம் எச்சி ஊறுதுன்னார். மருந்து வேலையாச்சேன்னு நான் பதறினேன். 'போடி, நான் தண்ணியிலதான் நனைஞ்சேன், நாத்தம் புடிச்சதுக்கெல்லாம் மாஸ்க் போட்டிருந்தேன்'னு அவரே சொல்லிட்டார். புழுக்கந்தான்னு நான் உப்பும் சர்க்கரையும் கலக்கிக் குடுத்துப் படுக்க வெச்சேன். அப்பவே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருந்தா இதயம்னு கண்டுபிடிச்சிருப்பாங்க. நான்தான் தூங்கிட்டேன். நல்லாத் தூங்கிட்டேன் அண்ணி." முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். "என் கையாலயே அவர விட்டுட்டேன்."

பொய் வேலை செய்துவிட்டது. இவள் இனி நீலத்தைத் தொட மாட்டாள். அக்கா வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. இவள் மட்டும், செய்யாத குற்றத்தைச் சாகிறவரை சுமந்துகொண்டு இந்த வயலில் நடப்பாள்.

அக்காவும் வரப்பில் உட்கார்ந்தாள்.

"மாத்தல" என்றாள்.

"என்ன?"

"இந்த வருஷம் எதையும் மாத்தல. போன வருஷமும் நீலத்துல இதேதான் இருந்துச்சு."

தம்பி மனைவி தலையைத் தூக்கினாள். உடனே புரிந்துகொள்ளவில்லை, புரிவதற்கு முன்னால் முகம் அடங்கிப்போனது.

"அவர் மூக்கு..."

"அவன் மூக்க ஏமாத்தறதுக்காக நான்தான் தண்ணியில நாத்தத்தக் கலந்தேன். சிவப்புதான் தண்ணி."

செடிகளுக்குள் எதுவோ பறந்து அடங்கியது. கேள்வி வரும் என்று அக்காவுக்குத் தெரியும். வந்தது, ஒவ்வொன்றாக, சத்தமே இல்லாமல்.

"அவர் துண்ட நனைச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். மாஸ்க்கப் போடுன்னு சொன்னேன். ஏன்னு சொல்லல."

"ஏன் சொல்லல?"

சோதனை கெட்டுவிடும் என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். "அப்புறமாச் சொல்லிச் சிரிக்கலாம்னு இருந்தேன்" என்றாள் அக்கா.

தம்பி மனைவி அவளையே பார்த்தாள். அடிப்பாள் என்று தோன்றியது. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டாக்டர் கேட்டப்ப நான் உங்க தோளப் புடிச்சிட்டு நின்னேன்."

"ஆமா."

"முழுப் பாதுகாப்புன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அதனாலதான் போனாரா?"

"தெரியலம்மா. சத்தியமாத் தெரியல. அப்ப உண்மையச் சொல்லியிருந்தா ரத்தத்த எடுத்துப் பாத்திருப்பாங்க. இப்ப யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அவன் தண்ணியில நனையல. நீ தூங்கினதால எதுவும் ஆகல. உன்கிட்ட அவன் சொன்னத நம்பித்தான் நீ தூங்கின. அவன் சொன்னது பொய்யானது என்னால."

அவள் எழுந்தாள். மோட்டார் தொட்டிக்குப் போய், சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். திரும்ப வந்து சிவப்புக் கேனின் மூடியைத் திறந்தாள். இந்தத் தரம் முகமூடி இல்லை. குனிந்து, நெடுநேரம் அதை மோந்துகொண்டிருந்தாள்.

"இந்தத் தண்ணிக்குத்தான் காதெல்லாம் பொத்திக் கட்டிக்கிட்டாரா?"

அக்கா ஆமாம் என்று தலையசைத்தாள்.

தம்பி மனைவி மூடியைப் போட்டுத் திருகினாள். டேங்க்கைத் தூக்கி மர நிழலில் வைத்தாள். நீலப் பாத்திகள் அடிக்கப்படாமல் நின்றன. செடிகளின் நுனி இலைகளில் காவடிப்புழுக்கள் சாவகாசமாக முதுகை வளைத்தன. இரண்டு பருவத்து வேலையும் பாழ் என்று அக்காவுக்குத் தெரிந்தது. தலைவர் அறையில் போய் நிற்கிற நிற்பு கண் முன்னால் வந்தது. அது ஒரு பொருட்டாகவே இல்லை.

"நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிடறேன்" என்றாள்.

"ஆபீஸ் அப்புறம். மொதல்ல அந்த டாக்டர்கிட்ட போகணும்."

"எழுதினத மாத்துவாங்களான்னு தெரியல."

"மாத்தட்டும், மாத்தாமப் போகட்டும்." கையுறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் துண்டில் சுற்றினாள். "இப்பவே போலாம். நானும் வரேன், மேடம். அன்னிக்கு மாதிரியே பக்கத்துல நின்னு கேக்கறேன்."